1969 சார்ஜருக்கு 1968 முகம்: பட்டறை வேலை எப்படி?

என் 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்கக் காரை 1968 மாடலின் தோற்றத்துக்கு மாற்றித் தந்த பட்டறையின் வேலையில், முன்பக்கத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். பின்பக்கத்துக்குத் தர மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் உடற்கூடு பெரும்பாலும் ஒன்றே என்பதால், நடுவில் பிரிவுள்ள 1969 கிரில்லை (முன்முகத்தின் கம்பிச்சட்டத்தை) கழற்றிவிட்டுப் பிரிவில்லாத பழைய கிரில்லைப் பொருத்துவது பெரிய வித்தை அன்று. பக்கவாட்டில் இருந்த செவ்வகப் பிரதிபலிப்பான்களை எடுத்துத் துளைகளை அடைத்து, 1968க்கு உரிய வட்ட விளக்குகளைப் பதித்ததும் சுத்தமான வேலைதான்.

உண்மையான சோதனை பின்விளக்குகளில் இருக்கிறது. நீண்ட விளக்குகளின் இடத்தில் நான்கு வட்ட விளக்குகள் அமைய வேண்டுமானால், பின்தகட்டையே அறுத்தெடுத்து வேறொன்றை வெல்டிங் செய்தாக வேண்டும். அப்போது சூடு மிகுந்து நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தாமல், பட்டி (பள்ளத்தை நிரப்பும் உலோகமல்லாத பூச்சு) பூசி மறைத்துவிட்டார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது வலப்பக்க விளக்கின் அடியில் அலை போன்ற மேடு தெரிகிறது. அங்கே வைத்த சிறு காந்தம் ஒட்டாமல் நழுவியது.

இருக்கைகளின் தலைச்சாய்வுகள் (1969 ஜனவரி முதல் அமெரிக்காவில் கட்டாயமானவை) அப்படியே இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். தயாரிப்பாளர் பொறித்த வாகன அடையாள எண் (VIN) தகட்டைத் தொடமாட்டோம் என்று அவர்கள் முதலிலேயே சொன்னது பிடித்திருந்தது. அதை மாற்றுவது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம், அந்த எண்ணின் ஆறாவது இடத்தில் இருக்கும் 9 என்ற எண்ணே வண்டியின் உண்மையான மாடல் ஆண்டைச் சொல்லிவிடும். பட்டியைச் சுரண்டிச் சரிசெய்ய வண்டியை மறுபடியும் விட்டிருக்கிறேன்.