லினக்ஸில் அச்சிடுதல்: கப்ஸ் நம்பகமானது, அப்ளிகேஷன்களில்தான் குழப்பம்

லிப்ரே ஆஃபிஸில் இருபக்கமும் அச்சடிக்கும் அதே பிரிண்டர், ஃபயர்பாக்ஸிலிருந்து கொடுத்தால் ஒருபக்கமாக அடிக்கிறது. பிடிஎஃப் பார்க்கும் எவின்ஸிலிருந்து அனுப்பினால் லெட்டர் சைஸ் பேப்பர் கேட்டு அப்படியே நிற்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அடிக்கடி கேட்கிற புகார் இது. பலர் டிரைவரைக் குறை சொல்லி, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் பலன் இருக்காது, ஏனென்றால் ஒரே அமைப்பு (செட்டிங்) நாலைந்து இடங்களில் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது.

அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் அடித்தளமான கப்ஸைப் பற்றிச் சொன்னால், அது அருமையான மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999-ல் வெளிவந்தது, 2007-ல் ஆப்பிள் வாங்கியது. 2020 முதல் லினக்ஸ் பக்கத்தில் ஓப்பன்பிரிண்டிங் குழு அதை வளர்த்து வருகிறது. அதன் விதியில் குழப்பம் இல்லை. சர்வரில், அதாவது உங்கள் கணினியிலேயே பின்னணியில் ஓடும் கப்ஸில், இருப்பது பொது அமைப்பு. பயனரின் சொந்த ஃபைலில் வேறு மதிப்பு இருந்தால் அது பொது அமைப்பை மீறும். அப்ளிகேஷன் அச்சு வேலையோடு சேர்த்து அனுப்பும் மதிப்பு இரண்டையும் மீறும். ஆகவே அப்ளிகேஷன்களுக்குப் போகுமுன் அடியில் உள்ள இந்த இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

முதலில் பயனர் ஃபைல். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அதில் '.கப்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'எல்பிஆப்ஷன்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கலாம். திறந்தால் 'டிஃபால்ட் லேசர்1 டூப்ளெக்ஸ்=நன் பேஜ்சைஸ்=லெட்டர்' என்பது போல ஒரே வரி, அதாவது இருபக்கம் வேண்டாம், பேப்பர் லெட்டர். எப்போதோ கொடுத்த ஒரு கட்டளை விட்டுச்சென்ற இந்த வரி, சர்வரில் நீங்கள் மாற்றுவதையெல்லாம் சத்தமில்லாமல் ரத்து செய்துகொண்டிருக்கும். அந்த ஃபைலை வேறு பெயரில் மாற்றி வைத்துவிடுங்கள். ஸ்னாப் என்ற தனித்து அடைக்கப்பட்ட வடிவில் வரும் அப்ளிகேஷன்களுக்கு ஹோமில் உள்ள மறைந்த ஃபோல்டர்களைப் படிக்க அனுமதி இல்லை. உபுண்டுவின் ஸ்னாப் ஃபயர்பாக்ஸ் ஒரு மாதிரியும் மற்றவை வேறு மாதிரியும் நடந்துகொள்ள இதுவும் ஒரு காரணம்.

அடுத்து சர்வர். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 திறந்து, 'பிரிண்டர்ஸ்' பக்கத்தில் உங்கள் பிரிண்டரின் பெயரைத் தட்டி, 'அட்மினிஸ்ட்ரேஷன்' பட்டியலில் 'செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்' போங்கள். பேப்பர் ஏ4, இருபக்கம், கறுப்பு வெள்ளை என எது வேண்டுமோ அதை இங்கே வையுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், டெபியன், உபுண்டுவில் உங்கள் கணக்கு 'எல்பிஅட்மின்' குழுவில் இருக்க வேண்டும். இந்த வலைப்பக்கத்தின் தோற்றம் பழசுதான், ஆனால் வேறெந்த அழகான செட்டிங்ஸ் திரையையும் விட இதையே நம்பலாம்.

பேப்பர் சைஸ் தனித் தலைவலி. ஏ4 என்பது 210 × 297 மி.மீ., லெட்டர் 216 × 279. நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலமாகத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டால் பேப்பருக்கான லோகேலும் (நாட்டு வழக்க அமைப்பு) அமெரிக்காவுடையதாகி, எவின்ஸ் போன்ற ஜிடிகே அப்ளிகேஷன்கள் லெட்டரிலிருந்து தொடங்கும். க்னோம் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும்; 'ஃபார்மட்ஸ்' மட்டும் இந்தியா என்று மாற்றி, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். பிரிண்டரின் சொந்தத் திரையிலும் டிரே ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். டிரைவர் இல்லாமல் இயங்கும் ஐபிபி எவ்ரிவேர் வகையில், இணைக்கும்போது பிரிண்டர் சொல்லும் சைஸ்தான் முதல் அமைப்பாகப் பதிவாகும்.

இப்போது அப்ளிகேஷன்கள். ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு பிரிண்டர் பெயருக்கும் தனியாகப் பழைய அமைப்பை நினைவில் வைத்திருக்கும். சர்வரில் மாற்றியது அதற்குத் தெரியாது. 'அபௌட்:சப்போர்ட்' பக்கத்தில் 'பிரிண்டிங்' பகுதிக்குக் கீழே சேமித்த அமைப்புகளை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. தட்டினால் போதும். இவ்வளவு வெளிப்படையான வழி தந்ததற்காக அதைப் பாராட்ட வேண்டும். குரோமியமும் கடைசியாகப் பயன்படுத்தியதையே திரும்பக் கொடுக்கும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தினால் சிஸ்டத்தின் அச்சு டயலாக் வரும். எவின்ஸ், '.கான்ஃபிக்' ஃபோல்டரில் தன் பெயருள்ள இடத்தில் 'பிரிண்ட்-செட்டிங்ஸ்' என்று ஒரு ஃபைல் வைத்துக்கொள்கிறது. எவின்ஸை மூடிவிட்டு அதை நீக்குங்கள்.

லிப்ரே ஆஃபிஸ்தான் அதிகம் குழப்புவது. பிரிண்டரின் பெயரையும் அமைப்பையும் டாக்குமென்டுக்குள்ளேயே சேமிக்கிறது. வேறொருவர் அனுப்பிய ஃபைல், அவர் பிரிண்டரின் அமைப்போடு உங்களிடம் வந்து சேரும். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லோட்/சேவ்', 'ஜெனரல்' என்று போய், டாக்குமென்டோடு பிரிண்டர் அமைப்பையும் ஏற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். பேப்பர் சைஸ் மட்டும் அப்போதும் பேஜ் ஸ்டைலிலிருந்தே வரும். அமெரிக்க டெம்ப்ளேட் என்றால் 'ஃபார்மட்' மெனுவில் பேஜ் ஸ்டைலைத் திறந்து ஏ4 ஆக்காமல் வேலை முடியாது.

இன்னொரு பொறி, ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரிவது. ஒன்று நீங்கள் சேர்த்தது, மற்றது நெட்வொர்க்கில் தானாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு அப்ளிகேஷன் ஒன்றையும் அடுத்தது மற்றொன்றையும் பிடித்துக்கொண்டால் அமைப்பு ஒத்துப்போகவே போகாது. எந்தப் பெயருக்கு அனுப்புகிறோம் என்பதை ஒவ்வொரு டயலாக்கிலும் முதலில் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கப்ஸே சாட்சி சொல்லும். அதே வலைப்பக்கத்தின் 'அட்மினிஸ்ட்ரேஷன்' பகுதியில் டீபக்கிங் தகவலைச் சேமிக்கும் டிக்கைப் போட்டு, ஒரு பக்கம் அச்சிட்டு, கப்ஸின் பதிவேடான எர்ரர் லாகைத் திறந்து 'ஆர்க்வி[5]' என்று தேடுங்கள். ஃபெடோராவில் இது சிஸ்டத்தின் பொதுப் பதிவேடான ஜர்னலில் இருக்கும். வேலையோடு சேர்ந்து வந்த ஆப்ஷன்கள் அந்த வரியில் அப்படியே இருக்கும். சர்வரில் இருபக்கம் என்று வைத்திருந்தும் அங்கே 'சைட்ஸ்=ஒன்-சைடட்' என்று கண்டால், அது அப்ளிகேஷனிலிருந்தோ பயனர் ஃபைலிலிருந்தோ வந்தது; சர்வரைத் தொட வேண்டாம். பார்த்து முடித்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாக் பெருத்துக்கொண்டே போகும்.

வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் நிரந்தரமாக உதவுவது, ஒரே பிரிண்டரை 631 பக்கத்தில் இரண்டு புதிய பெயர்களில் சேர்ப்பது: ஒன்று ஏ4 இருபக்கம் கறுப்பு வெள்ளை, மற்றது ஒருபக்கம் கலர். பெயரில் இடைவெளியோ சாய்கோடோ கூடாது. பெயர் புதிது என்பதால் ஃபயர்பாக்ஸில் பழைய நினைவு எதுவும் ஒட்டியிருக்காது. பழைய பெயரை நீக்கிவிட்டால் தவறுதலாக அதற்கு அனுப்பவும் வழி இருக்காது.