மருந்து உண்டு, எடுத்துத் தர ஆள் இல்லை: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்

இங்கே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதற்கு, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதல் முறை முக்கியக் காரணம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருப்பதால், ஊசி போட்டுக் காயத்துக்குக் கட்டும் கட்டிய செவிலியரே மருந்துச் சன்னலுக்கும் ஓடிவந்து, சீட்டைப் பார்த்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். (அந்த ஓட்டத்திலும் எரிந்து விழாதவர்.) அவர் தேசிய நலவாழ்வுத் திட்டத்தின்கீழ் வேலை செய்யும் தொகுப்பூதியப் பணியாளர்தான். அத்திட்டத்தின் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில், ஒரு தவணை தாமதமானாலும் இத்தகையோரின் சம்பளம் தள்ளிப்போகக்கூடும். மருத்துவர் நோயாளி சொல்வதை முழுதாகக் கேட்கிறார். ஆகவே வரிசை மெதுவாகத்தான் நகரும். காலையிலேயே சென்றுவிடுவது நல்லது, பிற்பகலில் போவது பெரும்பாலும் வீண் அலைச்சல்.