காலியிடத்தில் ஹெச்.எம். போட்டோ: ஒரு ஃப்ளெக்ஸ் கடை அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடை. தப்பும் செய்தார்கள், முகம் சுளிக்காமல் சரியும் செய்து கொடுத்தார்கள். அதனால் பெயர் வேண்டாம்.

நான் கொடுத்த வேலை, ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சுவர் வரைபடம். 6க்கு 4 அடி, ஸ்டார் ஃப்ளெக்ஸ், சதுர அடி 22 ரூபாய் வீதம் 528. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருந்த மிஷினில் நடுவே போய் நின்றது கிர்கிஸ்தானின் அட்-பாஷி மாவட்டம்.

எங்கள் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி அந்நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். லீவில் வந்தவளை வகுப்பில் பேசச் சொன்னேன். தாஷ்-ரபாத் என்ற பழைய வணிகர் சத்திரத்தைப் பார்க்க அட்-பாஷி வழியாகப் போனாளாம். "வழியில ஆளுகளை விட குதிரைதான் அதிகம் டீச்சர்" என்றாள். பிள்ளைகள் நம்பவில்லை. மாசி வீதியில் தோள் இடிக்காமல் நடந்து பழகாத பிள்ளைகள், எப்படி நம்பும்? மக்களடர்த்தி பாடத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று உட்கார்ந்து படம் தயார் செய்தேன்.

ஃபைலைத் திறந்ததும் டிசைனர் தம்பி மவுஸை அப்படியும் இப்படியும் உருட்டினார். "ஃபைல் முழுசா இறங்கல போல டீச்சர். நடுவுல இம்புட்டு காலியா கெடக்கே?"

"இறங்கிருச்சு தம்பி. ஊரே அப்படித்தான்" என்றேன்.

உண்மையில் அப்படித்தான். நாரின் மாகாணத்தில், சீன எல்லையை ஒட்டிக் கிடக்கிறது அட்-பாஷி. பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் மதுரை மாவட்டம் 3,700 சொச்சம்தான், ஆக நாலு மதுரை. ஜனம் எவ்வளவு என்றால் 2021-இல் 55,000 சொச்சம். 2011 கணக்கெடுப்பில் திருமங்கலம் நகராட்சியில் மட்டும் 51,000 பேர் இருந்தார்கள். நாலு மதுரை நிலத்தில் ஒரு திருமங்கலத்தை இறைத்துவிட்ட மாதிரி. சதுர கிலோமீட்டருக்கு நாலு பேர்கூடத் தேறாது. மதுரை மாவட்டத்தில் அது 800-ஐத் தாண்டும்.

அந்த நாலு பேரும் சமமாகவா இருக்கிறார்கள்? அதுவும் இல்லை. மாவட்டத்தின் குறுக்கே அட்-பாஷி மலைத்தொடர் ஓடுகிறது. ஊர்கள் எல்லாம் அதற்கு வடக்கே, ஆற்றுப் பள்ளத்தாக்கில். நகரம் என்று ஒன்று கிடையாது, தலைமையிடமே ஒரு பெரிய கிராமம்தான். அதன் உயரம் ஏறத்தாழ நம் கொடைக்கானல். மலைக்குத் தெற்கே 3,000 மீட்டருக்கு மேலே அக்-சாய் பள்ளத்தாக்கு: புல், காற்று, பனி. கோடையில் ஆடு, குதிரை, யாக் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள், குளிருக்கு முன் இறங்கிவிடுவார்கள். அங்கே பிறக்கிற அக்-சாய் ஆறு சீனாவுக்குள் போய், கடலைச் சேராமலே தாரிம் படுகையின் பாலைவனப் பக்கம் முடிந்துவிடுகிறது. வைகைக்கு ஒரு சொந்தக்காரர் என்று வகுப்பில் சொன்னேன், டக்கென்று பிடித்துக்கொண்டார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். மறுநாள் சாயங்காலம் பள்ளியில் வைத்துப் பிரித்தால், அக்-சாய் பள்ளத்தாக்கில் எங்கள் தலைமையாசிரியர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வட்டத்துக்குள் போட்டோ, சுற்றிலும் தங்க நிற பார்டர். ஆண்டு விழா பேனர் அடித்தபோது கொடுத்த படம், கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. காலியாக இருந்தால் கண்ணை உறுத்துமாம். மதுரையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கைக்கு வெற்றிடம் என்றாலே பதறும் போலிருக்கிறது.

இதோடு போகவில்லை. ஓரத்தில் நான் விட்டிருந்த வெள்ளையை வெட்டிவிட்டு, மூலைக்கு மூலை வளையம் அடித்திருந்தார்கள். இடது கீழ் மூலையின் வளையம் சரியாக சாத்திர்-குல் ஏரியின் மேல். 3,530 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏரி, கட்டுக்கயிறு நுழைகிற ஓட்டையாகிவிட்டது. பக்கத்தில் 3,752 மீட்டரில் சீனாவுக்குப் போகிற டோருகார்ட் கணவாய். யுனிகோடில் கொடுத்ததை அவர்கள் ஃபாண்டுக்கு மாற்றியதில் அதன் 'டோ' உடைந்து, கொம்பு தனியாக ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய் நின்றது. எழுத்துப் பிழை பார்க்க ஒரு தாள் அடித்துக் காட்டுங்கள் என்று கேட்காதது என் தவறு.

ஓனர் அண்ணனுக்கு போன் போட்டேன். கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் சிரித்தார். "ரெண்டாவது ஃப்ளெக்ஸுக்குக் காசு வேணாம் டீச்சர், பக்கத்துல உக்காந்து திருத்திக் குடுங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். டிசைனர் தம்பி ஒவ்வொரு ஊராகப் பெரிதாக்கிக் காட்ட, அக்-முஸ் என்றால் வெள்ளைப் பனிக்கட்டி, அட்-பாஷி என்றால் குதிரைத் தலை என்று நான் சொல்லச் சொல்ல, டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பிரிண்ட் அருமை. மலையின் பழுப்பு நிறம் கடைசி பெஞ்சிலிருந்தும் தெரிகிறது. கிராமப் பெயர்கள் மட்டும் பொடி எழுத்து, கிட்டே போனால்தான் படிக்க முடியும். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். போகிறவர்கள் ஓரத்தில் மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள், வளையம் எங்கே வரும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுங்கள்.

முதல் ஃப்ளெக்ஸை வாட்ச்மேன் அண்ணன் கேட்டு வாங்கிப் போய் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார். அக்-சாய்க்குக் கீழே இப்போது ஆறு வெள்ளாடுகள். ஹெச்.எம்.முக்கு இன்னும் தெரியாது.