தேக்குவதா, காயவிட்டுப் பாய்ச்சுவதா, புழுதியில் விதைப்பதா?

கரியமில வாயு கூடினால் நெல் செழிக்கும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். பயிர் ஓங்கி வளரும்தான். ஆனால் கூடவே சூடும் வருகிறது. பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகி, மணி பதராகிறது. இரவுச் சூடு 1 டிகிரி ஏறினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறையும் என்று பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்கு 2004-லேயே காட்டிவிட்டது. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வில், கரியமில வாயுவைக் கூட்டி விளைவித்த அரிசியில் சராசரியாகப் புரதம் 10, இரும்பு 8, துத்தநாகம் 5 சதவீதம் குறைந்திருந்தன. மூன்று வேளையும் சோறே சாப்பாடாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால், எனக்கு இதுதான் பெரிய பயம்.

காவிரி டெல்டாவில் இனி எப்படி நெல் போடுவது? முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

தண்ணீரைத் தேக்கி வைப்பது பழகிய வழி, களை அடங்கும். ஆனால் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மட்கும் நெல் தாளைத் தின்று மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் நெல்லின் தண்டு வழியாகவே அது வெளியேறுகிறது. அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான்; ஆகவே சூட்டைக் கூட்டுவதில் நம் வயலுக்கும் பங்கு உண்டு.

காய்ச்சலும் பாய்ச்சலும் அப்படியல்ல. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும். குழாய் இல்லையா? மண் மயிரிழையாக வெடிக்கும்போது பாய்ச்சலாம். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். பூப்பருவத்தில் மட்டும் 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும், அப்போது காயவிட்டால் பதர்தான். யூரியாவை அள்ளிப் போடவும் கூடாது, சூட்டைக் கூட்டும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலை நம்பியிருப்பவர் துணிந்து காயவிட முடியாது. ஐப்பசி அடைமழையில் சம்பா வயலைக் காயவைக்கவும் வழியில்லை. ஆக, மோட்டார் வைத்திருப்பவரின், அடைமழைக்கு முந்தைய குறுகிய காலப் பயிரான குறுவைக்கு இதையே சொல்வேன்.

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைச் சம்பாவுக்குப் புழுதி விதைப்பு, அதாவது உழுத காய்ந்த மண்ணில் நேரடியாக நெல்லை விதைப்பது. நாற்றங்காலும் நடவுக் கூலியும் இல்லை, மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரக் காத்திருக்கவும் வேண்டாம். களைதான் வாட்டும்.

மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், தண்ணீரை மிச்சம் பிடிப்பவர் கையில் இன்று ஒரு ரூபாயும் கூடுதலாக நிற்பதில்லை. மீத்தேனைக் குறைத்துத் தரும் விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை கொடுங்கள் என்று அரசைக் கேட்கிறேன்.