ராக்கெட்டோட கடைசி ஸ்டேஜ்: பாசிவேஷனா, டீ-ஆர்பிட்டா?

இந்த ரெண்டு வார்த்தையையும் நிறைய பேர் ஒண்ணுன்னு நினைச்சு மாத்தி மாத்தி எழுதுறாங்க, ரெண்டும் வேற வேற வேலை.

பாசிவேஷன்னா டேங்க்ல மிஞ்சின எரிபொருளை வெளியேத்தி, அழுத்தத்தை இறக்கி, பேட்டரியையும் தீர்த்து, ஸ்டேஜை வெடிக்க முடியாத வெறும் உலோகக் கூடா ஆக்குறது. இது ஏன் முக்கியம்னா, 2001 அக்டோபர்ல போன பிஎஸ்எல்வி-சி3-யோட நாலாவது ஸ்டேஜ் டிசம்பர்ல சுற்றுப்பாதையிலேயே வெடிச்சு முன்னூறு துண்டுக்கு மேல ஆயிடுச்சு. வேலை முடிஞ்சு சும்மா சுத்திக்கிட்டிருந்த ஒரே ஸ்டேஜ்! ஆனா பாசிவேட் பண்ணிட்டா மட்டும் அது கீழ வந்துடாது, 650 கிமீ உயரத்துல விட்டா பல வருஷம் அங்கேயேதான் சுத்தும், வேற ஏதாவது வந்து மோதவும் செய்யலாம்.

டீ-ஆர்பிட்னா இன்ஜினை மறுபடி ஓட்டி பாதையைத் தாழ்த்துறது. இதுலயும் ரெண்டு வகை இருக்கு, கடல்ல குறிப்பிட்ட இடத்துல விழ வைக்கிறது கன்ட்ரோல்டு, தாழ்த்திவிட்டு மிச்சத்தைக் காத்து பாத்துக்கட்டும்னு விடுறது அன்கன்ட்ரோல்டு. சீனாவோட லாங் மார்ச் 5பி ராக்கெட்டோட ராட்சத கோர் ஸ்டேஜ் (நடுவுல இருக்குற முக்கிய பகுதி) பாதையைத் தாழ்த்தக்கூட செய்யாம, தானாவே கட்டுப்பாடு இல்லாம இறங்கி, 2020-ல ஐவரி கோஸ்ட்ல துண்டுகள் கிடைச்சுது. அவ்வளவு பெரிய ஸ்டேஜை அப்படி விடுறது தப்புதான்.

என் ஓட்டு ரெண்டுக்கும் சேர்த்து. பிஎஸ்எல்வி-சி58-ல இஸ்ரோ அதைத்தான் பண்ணுச்சு, ஸ்டேஜை 650-ல இருந்து 350 கிமீ-க்கு இறக்கி, மிச்ச எரிபொருளையும் காலி பண்ணி, போயம்-3-ங்கிற சோதனை மேடையா மாத்தி அதுல சோதனைகளும் நடத்துனாங்க, 2024 மார்ச் 21-ல பசிபிக் மேல விழுந்துடுச்சு, ஏவி மூணு மாசம்கூட ஆகல.