ராஸ்டர் லேயர்களின் ஒட்டுறவு: ஆர்க்ஜிஐஎஸ், கிராஸ், டெர்ரா

சென்னையின் பசுமைக்கும் தரை வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை, அதாவது ஒட்டுறவை, லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படத்தின் ராஸ்டர் லேயர்களிலிருந்து (பிக்சல் கட்டங்களாலான அடுக்குகளிலிருந்து) கணக்கிட விரும்புவோருக்கு மூன்று வழிகள் உண்டு: ஆர்க்ஜிஐஎஸ், கிராஸ் என்னும் வரைபட மென்பொருள்கள், ஆர் என்னும் நிரல் மொழியின் டெர்ரா தொகுப்பு. மூன்றிலும் ஒட்டுறவைக் கணக்கிடும் பியர்சன் சூத்திரம் ஒன்றே என்பதால், எந்தெந்தப் பிக்சல்கள் கணக்கில் சேர்ந்தன என்பதை மறைக்காமல் காட்டும் கருவியையே நான் சிறந்ததாகக் கொள்கிறேன்.

ஆர்க்ஜிஐஎஸ்ஸின் 'பேண்ட் கலெக்‌ஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' எளிதானது. ஒரு டிக் போட்டால் ஒட்டுறவு அணி (லேயர்களின் ஜோடிவாரி ஒட்டுறவு அட்டவணை) டெக்ஸ்ட் ஃபைலாக வந்துவிடும். ஆனால் ஸ்பேஷியல் அனலிஸ்ட் லைசென்ஸ் வேண்டும். பிக்சல் அளவுகள் வேறுபட்டால், நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, பெரிய அளவுக்கு மாற்றிக்கொண்டு கணக்கை முடித்துவிடும்.

கிராஸின் 'ஆர்.கோவார்' இலவசம். அப்போது அமைந்துள்ள 'ரீஜன்' (கணக்கிடும் பரப்புக்கான அமைப்பு) எதுவோ அதன் எல்லையையும் பிக்சல் அளவையுமே அது பின்பற்றும். எனவே ரீஜனைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

என் தேர்வு ஆர் மொழியின் டெர்ரா. எல்லை பொருந்தாத லேயர்களை அடுக்க முயன்றால் பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கண்டிப்பு மிகவும் தேவையானது. மதிப்பு இல்லாத வெற்றுப் பிக்சல்களை எப்படிக் கையாள்வது என்பதையும் 'லேயர்கார்' கட்டளையில் நாமே எழுதிக் கொடுக்கலாம்.

சென்னையைப் பொறுத்தவரை இது சிறிய விஷயம் அல்ல. வங்கக் கடலை மறைக்காவிட்டால், பசுமைக் குறியீடும் பகல் வெப்பமும் ஒருசேரக் குறைந்த ஏராளமான பிக்சல்கள் உள்ளே வந்து, நிலத்தில் தெளிவாகத் தெரியும் எதிர்மறைத் தொடர்பையே குலைத்துவிடும். கடலை நீக்கிய பிறகும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்ப்பரப்பு அதே குழப்பத்தைத் தரும். கிண்டி தேசியப் பூங்காவையும் தியாகராய நகரையும் உள்ளடக்கிய ஒரே ஒட்டுறவு எண் (கெழு) இவற்றையெல்லாம் சராசரிக்குள் புதைத்துவிடுவதால், நகரும் சாளரத்தில் (ஒவ்வொரு பிக்சலையும் சுற்றிய சிறு கட்டத்தில்) பகுதிவாரியாகக் கணக்கிடும் டெர்ராவின் 'ஃபோக்கல்பேர்ஸ்' எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

எந்தக் கருவியும் சொல்லாத ஒன்றும் உண்டு. லேண்ட்சாட் 8 வெப்பப் பேண்ட் 100 மீட்டரில் பதிவாகி 30 மீட்டருக்கு மாற்றப்பட்டே நமக்குக் கிடைக்கிறது. ஓர் அளவீடு ஏறத்தாழ 11 பிக்சல்களில் பரவியிருப்பதால், பிக்சல் எண்ணிக்கையை அப்படியே வைத்துப் புள்ளியியல் முக்கியத்துவம் (தொடர்பு தற்செயலானதா என்ற சோதனை) கணக்கிடுவது தவறு. இரண்டு லேயர்களையும் 'அக்ரிகேட்' மூலம் 3×3 ஆகச் சேர்த்து 90 மீட்டராக்கிய பிறகு ஒட்டுறவைக் காண்பதே முறை.