நேட்டால் கப்பல் பட்டியலோடு ஆறு ஆண்டுகள்: ஆளை விட்டு, அருகில் இருந்தவர்களைத் தேடிய அனுபவம்

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி இளவயதில் வீட்டில் சண்டையிட்டுக்கொண்டு கப்பலேறினார் என்பதும், போன இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்பதும் மட்டுமே எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருந்த செய்தி. அவருடைய பெயரோ பழைய வட ஆர்க்காட்டில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருந்த பெயர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டபோதே, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண் வேலை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. முதல் ஓராண்டு முழுவதும் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் கைக்கொண்ட வழிமுறையைப் பற்றியதே இந்தப் பகிர்வு. எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர், நண்பர்கள், கூட்டாளிகள், அயலார் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு ‘ஃபேன்’ என்று பெயரிட்டார். தேடப்படும் மனிதரைப் பற்றிய தாள் கிடைக்காதபோது, அவரோடு பயணம் செய்தவர், அவருக்காகச் சாட்சிக் கையொப்பமிட்டவர், பக்கத்தில் குடியிருந்தவர் ஆகியோரின் தாள்களில் அவரைத் தேடுவதே இதன் சாரம். கேட்பதற்கு எளிமையானது; செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் இந்த வழிமுறைக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைப் பொதுப் பார்வைக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை இருக்கும். பெயரைத் தேடுவதை விட்டு, எங்கள் தாலுகாவான குடியாத்தத்தை எந்தெந்த எழுத்துக்கூட்டலிலெல்லாம் எழுதியிருக்க முடியுமோ அத்தனையையும் தேடி, கிடைத்த வரிகளை எண் வரிசைப்படி ஒரு விரிதாளில் அடுக்கினேன். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களைப் பெற்றிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்து ஆண்கள், தொடர்ச்சியான ஐந்து எண்கள், ஐவருக்கும் ஒரே கிராமம். நான்காமவரின் பெயரை எழுத்தர் சிதைத்திருந்த விதத்தில் என் தேடலுக்கு அது எந்தக் காலத்திலும் அகப்பட்டிருக்காது. ஆனால் தகப்பன் பெயர் எங்கள் வீட்டுப் பத்திரத்தில் உள்ளதோடு பிசகாமல் பொருந்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டியலில் வட ஆர்க்காடு என்றிருப்பதால் இன்றைய வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களை மட்டும் பார்த்தால் போதாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சித்தூரும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். திருத்தணியோ சித்தூரோடு போய், 1960இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நான் இதை மறந்து சில மாதங்களை இழந்தேன்.

அதைவிடப் பெரிய இழப்பு இரண்டாம் ஆண்டில் நேர்ந்தது. ஆறு எண்கள் தள்ளி இருந்த ஒரு பெண்ணின் தகப்பன் பெயரும் அதுவாகவே இருந்ததால், அவரை உடன்பிறந்த தங்கை என்று முடிவுகட்டி அவருடைய திருமணப் பதிவையும் பிள்ளைகளின் பதிவுகளையும் ஒன்றரை ஆண்டு துரத்தினேன். பிறகு நிதானமாகப் பார்த்தால் தாலுகா வேறு, சாதி வேறு. பக்கத்து எண் என்பது ஒரு குறிப்பு மட்டுமே, உறவுக்குச் சான்று அல்ல. ஊர், தகப்பன் பெயர், பிற்காலத் தாள் ஒன்றில் இருவரும் சேர்ந்து தென்படுதல் ஆகிய மூன்றும் பொருந்தினால் ஒழிய யாரையும் குடும்ப மரத்தில் ஏற்றுவதில்லை என்று அன்று வைத்துக்கொண்ட விதியை இன்றுவரை மீறவில்லை.

பிற்காலத் தாள்களைப் பொறுத்தவரை, அந்தக் குடியேற்ற எண்தான் துணை. ஒப்பந்தக் கூலிகளின் திருமணம், அங்கே பிறந்த குழந்தைகள் ஆகியவற்றின் பதிவுகளில் எண்ணும் கூடவே வருகிறது. சொந்தச் செலவில் போன வணிகர்களுக்கு இந்த எண் கிடையாது என்பதால், அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்தப் பட்டியல்கள் உதவா. அயலாரைத் தேடுவதிலும் ஒரு கால எல்லை உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து அகற்றப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குப் போனவர்களுக்கு அடுத்த வீட்டை ஒதுக்கியது அரசு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துப் பழைய உறவைக் கணிக்க முடியாது.

எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தாள், நான்காமவரின் இறப்பு அறிவிப்பு. அதில் தகவல் கொடுத்தவர் அதே கப்பலின் மூன்றாமவர். ஆங்கிலத்தில் நிரப்பப்பட்ட அந்தப் படிவத்தின் அடியில் அவர் மட்டும் தமிழில் கையொப்பமிட்டிருக்கிறார்: நடுங்கிய கை, மேற்புள்ளி இல்லாத எழுத்துகள், பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர். கப்பல் பட்டியலில் யாராலும் படிக்க முடியாதபடி கிடந்த கிராமத்தின் பெயரை அந்த ஒரு சொல் தீர்த்துவைத்தது. அது எங்கள் ஊர்தான்.

ஆனால் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் எழுத்தர் ‘சகோதரர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதியிருக்கிறார். கப்பல் பட்டியலின்படி இருவருக்கும் தகப்பன் வேறு. இந்த ஆறு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றுள் இதைத்தான் முதன்மையானதாகக் கருதுகிறேன்: பெரியப்பா மகனும் நமக்கு அண்ணன், சித்தி மகனும் தம்பி, ஊர்க்காரரும் அண்ணன், ஒரே கப்பலில் வந்தவரும் அண்ணன். அந்த வயதானவர் ‘என் தம்பி’ என்று சொல்லியிருப்பார். எழுத்தர் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லால் அதை எழுதிவிட்டார். நான் பார்த்த வெளிநாட்டுக் கையேடுகள் எதிலும் இந்தச் சிக்கலுக்கு வழி இல்லை. அத்தைக்கும் மாமிக்கும் சித்திக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் எழுதப்பட்ட தாளைத் தமிழ் உறவுமுறைக்குத் திருப்பிப் படிப்பது நம் வேலையாகத்தான் இருக்கும்.

மூன்றாமவர் பங்காளியா, கப்பல் தோழரா என்பதை நேட்டால் தாள்களால் முடிவுசெய்ய இயலவில்லை. ஆகவே இந்த வழிமுறையையே ஊர்ப்பக்கம் திருப்பியிருக்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எங்கள் கிராமத்தின் நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு தகப்பன்மாரும் ஒரே பட்டாவில் கூட்டாக இருந்தால் அவர்கள் பங்காளிகளாக இருக்க இடமுண்டு. வெவ்வேறு மூலையில் இருந்தால், அவரைக் குடும்ப மரத்துக்கு வெளியே, கையொப்பத்தோடு தனிப் பக்கத்தில் வைப்பேன்.